சயாமாவின் இரண்டாவது நோட்டு

பபேடான் பேட்டையில் எங்கள் மூன்றாம் மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கக்கூட நேரம் எடுக்காமல் "காபி இருக்கா?" என்று கேட்ட ஒரே வெள்ளைக்காரி அந்த இத்தாலிய எழுத்தாளர்தான். நான் கலக்கிக் கொடுத்த பாக்கெட் காபியை ஒரே ஒரு வாய் குடித்தார். மறுநாளிலிருந்து பையில் சொந்தக் காபிப் பாத்திரத்தோடு வந்தார். அவ்வளவு மரியாதை எனக்கு!

நான் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டில் வைத்துப் பர்மியம் சொல்லிக்கொடுக்கிறவள். இவருக்கு அது ஏற்கெனவே நன்றாகத் தெரியும். நாங்கள் பேசிக்கொண்டதே பர்மியத்தில்தான். தன் ஊரில் இரண்டு நாவல் எழுதியவராம். "ரெண்டாவதை எங்க அம்மாவே பாதியில மூடி வச்சுட்டாங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மூன்றாவது வரவே மாட்டேன் என்று வருஷக்கணக்காக அடம்பிடித்ததால், அடுத்தவர் நாவலை மொழிபெயர்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். அப்போது கையில் இருந்தது, ஐராவதிக் கழிமுகத்துப் படகுக்காரன் ஒருவனைப் பற்றிய பர்மிய நாவல். எழுதியவர் உயிரோடு இல்லை. சந்தேகம் தீர்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அவரை நான் சயாமா என்பேன், டீச்சரம்மா என்கிற மாதிரி. என்னை அவர் அமா, அதாவது அக்கா, என்பார்.

நாளைக்கு ஒரு பக்கம் மொழிபெயர்ப்பார். அந்த ஒரு பக்கத்துக்கு முப்பது கேள்வி.

"அமா, அவன் ஏன் வாழைத்தாரைப் படகுல தலைகீழாத் தொங்கவிடுறான்?"

எனக்கென்ன தெரியும்? நான் படகில் ஏறியதே மொத்தம் நாலு தடவை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது லேசில் வாயில் வராது. அனாடே என்பார்கள் இங்கே. நம்பி வந்தவர் முகம் வாடிவிடுமே என்கிற கூச்சம். அதோடு என் வாய்க்கொழுப்பும் சேர்ந்துகொண்டது.

"பாம்பு ஏறினா அதுக்குத் தலை சுத்தட்டும்னுதான்" என்றேன். சயாமா தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். துடுப்பை ஏன் கவிழ்த்து நட்டுவைக்கிறான் என்றால், வீட்டுக்கு மாமியார் வந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு பொய் சொன்னால் அடுத்தது தானாக வருகிறது. பதினோரு மாதம் இப்படியே ஓடியது.

ஒரு நாள், "அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது, அமா. முன்னுரையில உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கேன்" என்றார். விஷயம் தெரிந்த ஒருத்தர் படித்தால் போதும், அப்புறம் இவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

"சயாமா, நான் சொன்னதுல பாதி என் சொந்தச் சரக்கு."

அவர் நிதானமாகக் காபி ஊற்றினார். "தெரியும், அமா."

சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துக் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போய், நான் சொன்ன ஒவ்வொன்றையும் படகுக்காரர்களிடம் கேட்டிருக்கிறார்! அவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுச் சரியானதைச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அடிப்பாவி!

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அனாடே" என்றார். எங்கள் ஊர்ச் சொல்லை எடுத்து என் தலையிலேயே ஒரு குட்டு!

பிறகு பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தார். என் பொய்கள் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. "இதெல்லாம் மொழிபெயர்ப்புக்கு ஆகாது. ஆனா என் மூணாவது நாவல் இதுலேருந்துதான் வருது" என்று சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். படிக்கச் சொல்லிக் கேட்டேன். வாழைத்தார், பாம்பு, மாமியார், ஒவ்வொன்றுக்கும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஒன்பதாவதாக அவர் படித்தது, துறையில் முப்பது வருஷம் மூட்டை தூக்கியும் நீச்சல் தெரியாத ஒரு மனிதன். ஓய்வு கிடைத்தால் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருவான்.

"அது பொய் இல்லை" என்றேன். "அது எங்க அப்பா."

சயாமாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒருத்தன் இருக்கவே முடியாது என்று படகுக்காரர்கள் அடித்துச் சொன்னார்களாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார் மேல் படுவது? பதினோரு மாதம் புளுகினவள் நடுவில் ஒரு நிஜத்தைச் சொன்னால் எவர் நம்புவார்? அப்பாவைக் கொண்டுபோய் பாம்புக்கும் மாமியாருக்கும் நடுவில் உட்காரவைத்தது நானேதான்.

அவர் மன்னிப்புக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "ஆத்துமேல அவ்வளவு பயம்னா, ஏன் அமா அவர் வேற வேலைக்குப் போகல?" என்றார்.

நல்ல நல்ல பதிலாக மூன்று என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சயாமா பேனாவைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன.

"தெரியாது, சயாமா" என்றேன். "நான் அவர்கிட்ட கேட்டதே இல்லை."