சுவரில் கேட்ட சத்தம்

2004 கோடையில் நானும் கணவரும் கொடைக்கானலில், வெள்ளைக்காரர் காலத்து ஓட்டல் ஒன்றில் தங்கினோம். இறக்கிவிட்ட ஜீப் டிரைவர், "அங்க பேய் வந்து சுவத்தத் தட்டும்பாங்க, பாத்து இருங்கக்கா" என்றார். மலைப்பாதையில் வாந்தியெடுத்து ஓய்ந்திருந்த எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

மதியம் கணவர் சாப்பாடு வாங்கப் போயிருந்தபோது, கட்டிலை ஒட்டிய சுவரில் 'டொக், டொக்' என்று கேட்டது. நின்றது, மறுபடி கேட்டது. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "முருகா, முருகா" என்று கிடந்தேன். கணவர் வந்ததும் சொன்னேன்.

"அலுப்புல ஏதாவது கேட்டிருக்கும், படு" என்றார். படுத்துவிட்டேன்.

நாலு மணிக்கு, அறை கூட்டும் அம்மா பக்கத்து அறையைத் திறந்து அலறினார். தனியாகத் தங்கியிருந்த வயதான பெண்மணி குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். ஜீப்பில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்து ரூம்ல ஆளு இருக்குன்னு நம்பித்தாம்மா தட்டிக்கிட்டே கெடந்தேன்."

அவர் பிழைத்துக்கொண்டார். என்னால்தான் இன்னும் அதைச் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் எங்கே தங்கினாலும், எவ்வளவு களைத்திருந்தாலும், சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் தட்டி, "உதவி ஏதும் வேணுமாங்க?" என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் ஆணி அடிக்கிறவர் யாராவது வந்து முறைப்பார். முறைத்துவிட்டுப் போகட்டும்.