சுடலைக்குப் பிடித்த வெள்ளைக்கார ரிக்கார்டு

பாபநாசத்துக்கு மூன்று வருடமாகச் சாமி வரவில்லை. இது அவருக்கும் அவர் மனைவி கோமுவுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

களக்காட்டுக்குத் தெற்கே, வாழைத் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற அவருடைய ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா என்றால் அவர்தான் கோமரத்தாடி. சாமி அவர் மேல்தான் இறங்கும், இறங்கி ஆடும், கேட்கிறவர்களுக்கு வாக்குச் சொல்லும். அப்பா ஆடினார், அப்பாவுக்குப் பிறகு இவர். மற்ற நாளில் வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிற ஆள். குதிகாலில் வெடிப்பு, சட்டையில் வாழைக்கறை, வாயில் எப்போதும் ஒரு வசவு. கொடையன்று சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, வல்லயக் கம்பைக் கையில் பிடித்துவிட்டால் ஊரே அவர் காலில் விழும். அவரை நாள் முழுக்க ஏசி வேலை வாங்குகிற தோப்புக்காரரும் விழுவார். அந்த ஒரு காட்சிக்காகத்தான் மனிதர் வருடம் முழுக்கத் தார் சுமந்தார் என்று சொன்னால், இல்லை என்று அவரே சொல்லமாட்டார்.

அந்தச் சாமிதான் வராமல் போனது. மேளம் கொட்டுகிறது, பெண்கள் குலவை இடுகிறார்கள், சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்கிறது, இவருக்கோ முழங்கால் வலி மட்டும் நன்றாகத் தெரிகிறது. என்ன செய்வார்? நடித்து ஆடினார். வீட்டுக்கு வந்ததும் கோமு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஆரு ஆடுனது? நீங்களா, அவனா?"

"நாந்தான்."

"நெனச்சேன். அவன் வந்திருந்தா இடுப்பப் பிடிச்சுக்கிட்டு நிப்பானா."

ஊருக்கும் லேசாக வாசம் அடித்துவிட்டது. இந்த வருடக் கொடைக்கு நாள் குறித்த கையோடு கோயில் தலைவர் வந்தார். வந்தவர் வாழை விலை பேசினார், மழை பேசினார், கடைசியில் பைய விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நெனைக்காதயும். ஆட்டம் முன்ன மாதிரி இல்லன்னு சனங்க பேசுது. இந்த மதியக் கொடையிலயும் அப்படித்தான்னா, அடுத்த வருசம் கார்த்திகேசன் கச்ச கட்டட்டும்."

கார்த்திகேசன் இவருடைய தம்பி முறைக்காரரின் மகன். கர்லாக்கட்டை சுற்றிச் சுற்றிக் கையை உரல் போல வைத்திருந்தான். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஆடிப் பழகுவதாகக் கேள்வி. கண்ணாடி பார்த்து வருகிற சாமியும் ஒரு சாமியா என்று பாபநாசத்துக்கு ஆத்திரம். ஆனால் கண்ணாடி இல்லாமலும் தனக்கு வரவில்லையே. ஒரு நாள் முழுக்கத் தோப்பில் தாரை வெட்டாமல் உட்கார்ந்து யோசித்தார். தனக்கு எப்போது சாமி முழுசாக வந்தது? யோசிக்க யோசிக்க ஒரே ஒரு தடவைதான் நினைவுக்கு வந்தது. அவர் முதன்முதலாகச் சாமியாடக் கச்சை கட்டிய கொடை.

அன்றைக்குச் சாமி வருகிற நேரத்தில் மேளக்காரர்கள் இல்லை. சாப்பாட்டுப் பந்தியில் சோறு பற்றவில்லை என்று சண்டை போடப் போயிருந்தார்கள். பேட்டையிலிருந்து ரேடியோ செட் கட்ட வந்திருந்த ஹசன் அலி, கூட்டம் கலையாமல் இருக்கட்டும் என்று பெட்டியிலிருந்து கைக்குச் சிக்கிய ரிக்கார்டை எடுத்துப் போட்டார். முதலில் யாரோ ஒருவன் இருமினான். பிறகு தகரக் கொட்டகையை லாரியில் கட்டி மேட்டுத் தெருவில் இழுத்த மாதிரி ஒரு சத்தம். அதற்கு நடுவில் ஒரு தொண்டை, தேள் கொட்டியது போலக் கத்தியது. தென்னை மரத்துக் குழாய் ஸ்பீக்கர் இரண்டும் அதிர்ந்தன. பாபநாசத்துக்கு அதற்கு மேல் நினைவில்லை. பந்தல் காலைப் பிடுங்கினாராம். அன்றைய தலைவரின் முன்னால் போய் நின்று, "கோயில் வெளக்கு எண்ணெயில தோச சுட்டியே, மொறுமொறுன்னு இருந்துச்சாலே?" என்று கேட்டாராம். அந்த ஆள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாராம். அதோடு பாபநாசம் கோமரத்தாடி ஆனார். பின்னால் வந்த வருடங்களில் மேளத்துக்கும் சாமி வரத்தான் செய்தது. ஆனால் அரைகுறையாக, வேண்டா வெறுப்பாக, விருந்துக்குக் கூப்பிட்ட மாமனார் மாதிரி.

மறுநாள் காலை அவர் பேட்டைக்குப் பேருந்து ஏறினார். ஹசன் அலி இப்போது தேர்தலுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் மட்டும் மைக் செட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்த ரிக்கார்டு வேணும்வே," என்றார் பாபநாசம், தண்ணீர்கூடக் குடிக்காமல்.

"எந்த ரிக்கார்டு?"

"இருமுவாம்லா, அது."

ஹசன் அலிக்கு உடனே தெரிந்துவிட்டது. கப்பலில் வேலை பார்த்த அவருடைய மச்சான் ஏதோ வெள்ளைக்காரத் துறைமுகத்தில் ஒரு கட்டு ரிக்கார்டு வாங்கிவந்து, தன் தங்கச்சியை இவருக்குக் கட்டிக்கொடுத்தபோது சீராகக் கொடுத்தது. அதில் ஒன்று அது. இப்போது எங்கே? பதிலை அவர் மனைவி மைதீன் பாத்திமா அடுக்களையிலிருந்து சொன்னாள்.

"எல்லாத்தையும் வெந்நியில போட்டுக் கிண்ணமா வளச்சாச்சு. அப்பம் இந்தத் தெருவுல எல்லாரும் செஞ்சோம்."

"அடிப்பாவி, பாட்டாச்சே அது."

"பாட்டா? நாய் வெந்நியில விழுந்த மாதிரி இருந்துச்சு. நீங்க போட்டப்பல்லாம் புள்ள பால் குடிக்கல."

கறுப்பாக, ஓரம் பூப்போல நெளிந்த ஒரு கிண்ணத்தைப் பூண்டோடு கொண்டுவந்து வைத்தாள். மிஞ்சியது அது ஒன்றுதான். அடியில் பெயர் அச்சடித்த தாள் எப்போதோ ஊறி உரிந்துவிட்டது. அந்த ரிக்கார்டுதானா இது, வேறா என்றுகூடத் தெரியவில்லை. பாபநாசம் எதற்கும் இருக்கட்டும் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூண்டுத் தோல் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

போனில் துணி வியாபாரம் பார்க்கிற மருமகள் ஷம்ஸியாவுக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பரிதாபமாகப் போயிற்று. மெட்டை முனகிக் காட்டினால் போன் பாட்டைச் சொல்லிவிடும் என்றாள். ஹசன் அலி முனகினார். அது குழந்தைச் சோப்பு விளம்பரம் என்றது போன். பாபநாசம் எழுந்து நின்று கத்தினார். சத்தம் இல்லாத இடத்துக்குப் போய் முயலச் சொன்னது.

விடுவாளா அவள். மறந்துபோன ரிக்கார்டுகளைத் தேடுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் ஒன்று இணையத்தில் இருந்தது. இவர்கள் கத்தியதைப் படம் பிடித்து அங்கே போட்டாள். சாயங்காலத்துக்குள் கேள்விகள் குவிந்தன.

"பாடுனது ஆம்பளயா பொம்பளயான்னு கேக்காங்க மாமா."

"பொம்பள," என்றார் ஹசன் அலி.

"ஆம்பள வே. என் மேல ஏறுனவனுக்குத் தெரியாதா?"

"உம்ம மேல ஏறுனது சுடல. பாடுனவ ஏறலயே."

"இது பங்க் வகைப் பாட்டா இருக்கும்னு சொல்லுதாங்க," என்றாள் ஷம்ஸியா. "பாடத் தெரியாதவங்களும் வாசிக்கத் தெரியாதவங்களும் கோவத்துல ஒண்ணாச் சேந்து போடுததாம்."

"எங்க கோயில் வரிக் கூட்டம் மாதிரி," என்றார் பாபநாசம்.

ஆள் ஆளுக்கு ஒரு பாட்டை அனுப்பினார்கள். எதிலும் இருமல் இல்லை. கொடைக்கு முந்தின வாரம் பாபநாசம் திரும்பவும் பேட்டைக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது, ஸ்காட்லாந்திலிருந்து ஒரு கிழவர் எழுதியிருந்தார். இளவயதில் 'வெட் டஸ்ட்பின்ஸ்', அதாவது ஈரக் குப்பைத்தொட்டிகள், என்று ஒரு பாட்டுக் கோஷ்டி வைத்து, ஒரே ஒரு ரிக்கார்டு போட்டார்களாம். அதை வாங்க ஆள் இல்லாமல் துறைமுகச் சந்தையில் தள்ளிவிட்டார்களாம். தொடக்கத்தில் இருமியது அவருடைய அண்ணன். பாட்டையும் அனுப்பியிருந்தார்.

ஷம்ஸியா போட்டாள். ஒருவன் எருமை போல இருமினான். பிறகு கனத்த குரலில், கடன்காரனுக்குப் பதில் சொல்வது போலப் பாடினான்.

"இது இல்ல," என்றார் பாபநாசம். முகம் சுண்டிவிட்டது. "இருமல் இருக்கு. ஆனா இது இல்ல. இதுக்குச் சாமி வராது, கொட்டாவிதான் வரும்."

ஹசன் அலி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வே, அன்னைக்கு அதுக்கு முன்னால என்ன ரிக்கார்டு போட்டிருந்தேன் தெரியுமா? கனத்த பழைய சாமிப் பாட்டு. அது நிமிசத்துக்கு எழுபத்தெட்டுச் சுத்துல ஓடுதது. இது நாப்பத்தஞ்சுல ஓட வேண்டியது. சோத்துச் சண்டயப் பாத்துக்கிட்டே மாத்துனேனா, வேக விசைய நகட்டாம விட்டிருக்கேன்."

"அதுக்கப்புறம் வீட்டுல போட்டது?"

"அன்னைக்கு நீரு ஆடுனதப் பாத்தபெறகு, அந்த வேகத்துலதான் போடணும்னு நெனச்சுக்கிட்டேன்."

ஷம்ஸியா போனில் வேகத்தை ஒன்றே முக்காலுக்கு ஏற்றினாள். எருமை இருமல் பூனைத் தும்மலாகச் சுருங்கியது. தகரக் கொட்டகை கிளம்பியது. தேள் கொட்டிய அந்தத் தொண்டை, ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல், அப்படியே வந்தது. பாபநாசம் எழுந்து நின்றுவிட்டார். "நிப்பாட்டும்மா, நிப்பாட்டு. இங்கன வந்துரப் போவுது," என்றார். மைதீன் பாத்திமா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நடந்ததை ஷம்ஸியா அந்தக் கிழவருக்கு எழுதினாள். நாங்கள் வாசித்த கூட்டம் எதிலும் ஒருத்தரும் ஆடியது கிடையாது, உங்கள் தெய்வத்துக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்று அவர் பதில் போட்டார்.

மதியக் கொடையன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மேளம் ஒரு சுற்று அடித்து ஓய்ந்தது. பாபநாசம் சல்லடம் கட்டி நின்றார், ஒன்றும் வரவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கார்த்திகேசன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். மைக் செட்டோடு வந்து உட்கார்ந்திருந்த ஹசன் அலியைப் பார்த்துப் பாபநாசம் தலையசைத்தார். ஸ்பீக்கரில் பூனை தும்மியது.

அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். மயிர்க்கால் சிலிர்க்கும், நினைவு தப்பும் என்று. தப்பவில்லை. யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பிள்ளை அழுகிறது, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஆனால் கால் ஆடத் தொடங்கியது. சாமி ஆட்டவில்லை, அவர் ஆட்டவும் இல்லை, அந்தச் சத்தத்துக்குச் சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். வல்லயத்தைச் சுழற்றினார். குதித்தார். வாழ்நாளில் ஒருநாளும் தனக்கென்று ஆடாத மனிதர், அறுபது கடந்து, முழங்கால் வலியோடு, இளித்துக்கொண்டே ஆடினார். பெண்கள் குலவை இட்டார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, பாட்டு அறுந்தது.

தலைவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து கைகூப்பினார்.

"வந்திருக்கது ஆருன்னு சொல்லணும்."

மூன்று வருடம் இந்தக் கேள்விக்கு அவர் பொய்தான் சொன்னார். இன்றைக்கு என்னவோ பொய் சொல்லத் தோன்றவில்லை. மூச்சு வாங்கியது, மனசு லேசாக இருந்தது. போனால் போகட்டும் கச்சை என்று வாயைத் திறந்துவிட்டார்.

"சாமி வரல வே. நானாத்தான் ஆடுனேன்."

தலைவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சோதிக்காத அய்யா. சனங்க தாங்காது."

"சோதிக்கல. மூணு வருசமாவே வரல."

"மூணு வருசமா எங்க பேர்ல கோவமா?" என்று தலைவர் தடாலென்று காலில் விழுந்தார். பின்னால் தோப்புக்காரர் விழுந்தார். வரிசையாக எல்லாரும் விழுந்தார்கள். பாபநாசம் மூன்றாவது தடவையும் சொல்லிப் பார்த்தார். குலவைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கோமு மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

விபூதி வாங்குகிற சாக்கில் கார்த்திகேசன் காதருகே வந்தான்.

"பெரியப்பா, நெசமாவே வரலயா?"

"நெசமாத்தாம்லே."

"அப்பம் அடுத்த வருசம் நான் கச்ச கட்டலாமா?"

"அது எப்படிலே? ஊரு விழுந்து கெடக்கு பாரு. போ, தள்ளி நில்லு."

அவன் நெற்றியில் விபூதியை அழுத்திப் பூசிவிட்டு, பாபநாசம் கூட்டத்துக்கு மேலாக ஹசன் அலியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பாட்டு ரொம்பச் சின்னதா இருக்கு வே. இன்னொருக்கா போடும்."