குடிக்காத தில்லைநாயகம்

"தில்லைநாயகம் போய்ட்டாரு சார். குடிச்சிட்டு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு ஓரமா வுழுந்து கெடந்தாராம்."

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பியூன் சொன்ன செய்தி இது. சாவையும் குடியையும் சேர்த்தே சொன்னார். கடலூர் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தில்லைநாயகம் அப்படித்தான் அறிமுகம்: மதுவிலக்கு இருந்தும் எங்கிருந்தோ வாங்கிக் குடித்துவிடுகிற குமாஸ்தா. அவர் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

எனக்கும் அது தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் மதியம் கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். தில்லைநாயகம் குனிந்து நின்று கண்ணிலிருந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணே கையோடு வந்துவிட்டது என்று பதறிப்போனேன்.

"கத்தாதய்யா மச்சான், லென்சுதான்," என்றார்.

உள்ளங்கையில் ஒரு சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கிண்ணம் இருந்தது. கருவிழி கூம்பாகப் பிதுங்கிக்கொண்டே வரும் நோய் அவருக்கு. மூக்குக்கண்ணாடி எதுவும் உதவாது. மதராசில் ஒரு டாக்டர் கண்ணை மரத்துப்போக வைத்து, மாவு மாதிரி ஒன்றை அதன்மேல் வைத்து அச்செடுத்து, வெள்ளைவிழியின் மேல் உட்காரும்படி இதைச் செய்து கொடுத்திருந்தார். உள்ளே மருந்துத் தண்ணீர் விட்டு மாட்டிக்கொண்டால் பொடி எழுத்தும் தெரியும். ஆனால் சில மணி நேரம்தான். அதற்கு மேல் கண் சிவந்து, பார்வையைப் புகை மூடிவிடும். மதியம் கழற்றி ஓய்வு கொடுத்து மறுபடி மாட்டுவார். சாயங்காலம் கண் தாங்காது. வெறுங்கண்ணோடுதான் சிதம்பரத்துக்கு பஸ் ஏறுவார்.

சிவந்த கண்ணோடு தட்டுத்தடுமாறி நடக்கிறவரை ஊர் என்ன நினைக்கும்? அதைத்தான் நினைத்தது. "உண்மைய சொல்லித் தொலைங்களேன்," என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன்.

"சொன்னா மொதலாளி நாளைக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாரு. குடிகாரன்னா ரெண்டு திட்டு திட்டிட்டு வச்சுக்குவாரு. உமாவ வேற கட்டிக் குடுக்கணும். அப்பனுக்குக் கண்ணு போற வியாதின்னா எவன் வருவான்? குடிகாரன் பொண்ணுன்னா வருவான், மச்சான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒருமுறை சிதம்பரத்தில் அவரோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். படி தெரியாமல் சரிந்தவரை ஒரு போலீஸ்காரர் பிடித்து நிறுத்தி, "ஊதுய்யா," என்றார். ஊதினார். "வாடையே வரல. என்னா சரக்குய்யா இது?" என்று அவர் கேட்க, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தில்லைநாயகமும் சேர்ந்து சிரித்தார்.

கடைசியும் அதே பஸ் ஸ்டாண்டில்தான். நெஞ்சுவலியில் விழுந்திருக்கிறார். டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். அவரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரும் பார்த்திருக்கிறார்கள். "தெளிஞ்சா எழுந்து போயிடுவாருன்னு வுட்டுட்டோம்," என்று அவர்களே என்னிடம் சொன்னார்கள். அத்தனை கூட்டத்தில், எல்லாரும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போதே உயிர் போயிருக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ, தூக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

காரியத்தன்று, உமாவைப் பெண் பார்த்துப் பேசி முடித்திருந்த வீட்டார் வந்திருந்தார்கள். பையனின் தகப்பனார் பெருந்தன்மையாகப் பேசினார். "அவுருக்கு அந்தப் பழக்கம் இருந்துச்சு. ஆம்பளைக்கு அதெல்லாம் சகஜம். பரம்பர வியாதி ஒண்ணும் இல்லியே, அது போதும்."

உமா உள்ளே போய் லென்சு டப்பாவை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"எங்கப்பா குடிச்சதே இல்லீங்க. கண்ணுலதான் வியாதி. இத கழட்டிட்டா எதுர்ல நிக்கிறவங்க மொகமே தெரியாது. நாளைக்கு எனக்கும் வரலாம்."

அவர்கள் காபியைக் குடித்து முடித்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். இதுவரை யாரும் வரவில்லை. அன்று அவர்கள் போனதும் அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். உமா என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் எல்லார்கிட்டயும் சொல்லுங்க மாமா. எங்கப்பாவ குடிகாரனாக்கித்தான் எனக்குக் கல்யாணம் நடக்கணும்னா, அது எனக்கு வாணாம்."

சொல்லிவிட்டேன். அலுவலக இரங்கல் கூட்டத்தில் 'அந்த ஒரு பழக்கம் மட்டும் இல்லாவிட்டால்' என்று இழுத்த நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதியிருக்கிறேன். தில்லைநாயகத்தின் பொறுமை எனக்கு வேண்டாம், அது அவரோடு போகட்டும். அவர் படாமல் விட்டுப்போன கோபம் முழுவதையும் நான் வைத்துக்கொள்கிறேன்.