கருந்துளைக்கு நேர்ந்த கிடா

மகள் என்ன படிக்கிறாள் என்று போடியில் யார் கேட்டாலும் அப்பா, "கருந்துளைக்கு நாடி பாக்குறா" என்பார். ஏலத்தோட்டக்காரரான அவர் சொன்னதில் பெரிய பிழையில்லை. ஒரு கருந்துளை தன் ஜோடி நட்சத்திரத்தின் வாயுவை உறிஞ்சும்போது, அந்த வாயு கொதித்து எக்ஸ் கதிரை வீசும். அது எப்படிக் கூடிக் குறைகிறது, அதில் வீரியமான கதிர் எவ்வளவு, சாதுவான கதிர் எவ்வளவு என்று செயற்கைக்கோள் அனுப்பும் தரவில் தேடுவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. வருடக்கணக்கில் தேடியும் ஒன்றும் சிக்காததால் அப்பா குலசாமிக்குக் கிடா நேர்ந்துகொண்டார்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது சிக்கியது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, சீரான ஒரு துடிப்பு! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டுரையாக எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் வாசிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வீட்டில் சொல்லிவிட்டேன்.

அந்த வாரமே நேர்த்திக்கடன் தீர்க்க, மலைமேல் இருக்கும் குலசாமி கோயிலுக்கு ஜீப்பில் சொந்தபந்தமெல்லாம் ஏறிவிட்டது. நடுவில் கிடா, பக்கத்தில் நான். குரங்கணிக்கு மேலே ஒரு வளைவில் டவர் கிடைத்ததும் பேராசிரியர் அழைத்தார்.

"ஏம்மா, வீரியமான கதிரும் சாதுவான கதிரும் ஒண்ணுபோல ஏறி இறங்குதே, நிஜத் துடிப்புன்னா ரெண்டும் வேற வேற அளவுல ஆடணுமே, உனக்கு உறுத்தலையா? செயற்கைக்கோள் பூமியை ஒரு சுற்று சுற்ற எவ்வளவு நேரம் ஆகும்?"

ஒன்றரை மணி நேரம். சுற்றுக்குச் சுற்று பூமி குறுக்கே வந்து கருந்துளையை மறைக்கும். அப்போது தரவு வராது. வராத இடத்தையெல்லாம் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு, அதைத் துடிப்பு என்று எழுதியிருக்கிறேன். இளைய மாணவர்களுக்கு நானே விரலை ஆட்டி எச்சரித்த தவறு! பட்டத்துக்கென்று இருந்த ஒரே கண்டுபிடிப்பும் போயிற்று. கிடா தழையை மென்றுகொண்டிருந்தது.

கோயிலில் இறங்கியதும் அப்பாவை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னேன். "வர்ற வழியில டவரு போயிப் போயி வந்துச்சுல்லப்பா? அதப் பாத்துட்டு மலை துடிக்குதுன்னு சொன்ன மாதிரி எழுதிட்டேன்."

பின்னால் நின்ற தாய்மாமன் விடுவாரா? "அப்ப டவரு இல்லாததுக்கா மாப்ளே கெடா வெட்டப் போறோம்?"

கூட்டமே சிரித்தது. அழுதுவிடக் கூடாதே என்று நானும் சிரித்துவைத்தேன். கிடாவைத் திருப்பிக் கொண்டுபோய்விடலாம் என்று அப்பாவிடம் முணுமுணுத்தேன்.

அப்பா கயிற்றை விடவில்லை. "எதுக்கு? தப்பு அச்சுல ஏறாமத் தடுத்துருச்சுல்ல சாமி, அதுக்கு வெட்டுவோம். வெரசா அடுப்பப் பத்த வைங்கப்பா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்தவாட்டி கண்டுபிடிக்கையில மொதல்ல வாத்தியார்ட்டக் கேளு. அப்பறமா எங்கிட்டச் சொல்லு" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடுத்தவாட்டி என்று ஒன்று உண்டென்று அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் நம்பினார். நான்கூட நம்பவில்லை.