பெண்கள் பக்கம் வராத பாட்டு

எங்கள் ரெக்கார்டிங் கடைக்குப் பெங்களூரிலிருந்து வந்த வயர் சுண்டுவிரல் பருமன் இருந்தது. மேலே கண்ணாடி போன்ற உறை. உள்ளே செம்பு இழைகள் முறுக்கிக் கிடப்பது நன்றாகத் தெரியும். முனையில் இருந்த பின்களுக்குத் தங்கமுலாம் பூசியிருந்தார்கள். என் கணவர் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். அதை வாங்கும்படி ஆனதற்கு நான்தான் காரணம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் துண்டைப் பிரித்துக் காட்டியபோது நான் வயரைப் பார்க்காமல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. கடத்தூரில் எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு கேசட் டெக், ஒரு ரெக்கார்ட் பிளேயர், ஒரு ஆம்ப்ளிபையர். ஜன்னல் பக்கம் ஒரு ஸ்பீக்கர், கதவுப் பக்கம் ஒரு ஸ்பீக்கர். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்வார்கள். கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதமே எனக்குப் பதிவு செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு, காலை நேரத்தில் அவர் நிலக்கடலைக் காட்டுக்குப் போய்விடுவார். நான் எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து நன்றாக இருக்கும். கேசட் அட்டையில் பாட்டு வரிசையை எழுதுவதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவாவதைக் கேட்பதும் என் வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. கூச்சமுள்ள எனக்கு அதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது.

ஆனால் எனக்கு இடது காது கேட்காது.

ஏழு வயதில் அந்தக் காதில் சீழ் வடிந்து, காய்ச்சிய எண்ணெய் விட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாம் முடிந்தபோது அந்தப் பக்கம் அடங்கிப்போயிருந்தது. இதைச் சொன்னதால் இரண்டு இடங்கள் தட்டிப்போயின. மூன்றாவதாக இவர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது, அம்மா என்னை இடது தோள் சுவரில் படும்படி உட்கார வைத்தாள். வந்தவர்கள் எல்லோரும் என் வலது பக்கம் இருந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். "புருசன் வூட்டுல மூச்சு வுடாத. தெரிஞ்சா கொண்டாந்து வுட்டுருவாங்க" என்று அம்மா கல்யாணத்தன்று காலையிலும் சொன்னாள்.

அதனால் மூச்சு விடவில்லை. மாமியார் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் எனக்குச் சில சமயம் கேட்காது. "கூப்பிட்டாத் திரும்பறாளா பாரு. எட்டாவது படிச்சதுக்கே இவ்ளோ ராங்கி" என்பார். ராங்கிக்காரி என்று நினைத்தால் திட்டுவார்கள். காது கேட்காதவள் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராங்கியாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கடத்தூருக்கும் தர்மபுரிக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் புதிதாக ஸ்டீரியோ வைத்தார்கள். இரண்டு பக்கமும் வரிசையாக ஸ்பீக்கர். அதன் டிரைவர் பத்து கேசட் பதியக் கொடுத்தார். எங்களுக்கு அதுவரை வந்ததில் பெரிய வேலை அதுதான். ஒரு வாரம் உட்கார்ந்து பதிந்து, அட்டைகளில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.

நான்காம் நாள் டிரைவர் மஞ்சப்பையோடு வந்தார்.

"என்னா தம்பி, ஆம்பளைங்களுக்கு மட்டும் பாட்டுப் பதிஞ்சு குடுத்திருக்கற?"

"என்னாண்ணே சொல்றீங்க?"

"பொம்பளைங்க பக்கம் ஒரு சத்தமும் வரல. ஏன்டா, நாங்க மட்டும் ஓசியிலயா வர்றோம், டிக்கெட்டு எடுக்கலையான்னு கண்டக்டரைப் புடிச்சுக்கிட்டாளுங்க. கடத்தூர்ல ஆரம்பிச்ச சண்டை தர்மபுரி போயும் அடங்கல. அந்தப் பக்கம் வேற கேசட்டு போட்டா நல்லாப் பாடுது. உன் கேசட்டு போட்டாத்தான் ஊமையாவுது."

நான் உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பஸ்ஸில் பெண்கள் உட்காரும் பக்கம் இடது பக்கம். பத்துக் கேசட்டிலும் இடது பக்கப் பாட்டு பதிவாகவே இல்லை. டெக்கில் சத்தத்தைக் காட்டும் முள் இரண்டில் இடது முள் வாங்கும்போதே செத்த முள். ஹெட்போனின் இடது பக்கம் ஊமையாகக் கிடந்திருக்கிறது. எனக்கு அது என்றைக்கும் ஊமைதானே?

தர்மபுரியிலிருந்து ரேடியோ மெக்கானிக் பாய் வந்தார். எங்கள் சாமான்கள் எல்லாவற்றையும் பழுது பார்ப்பவர் அவர்தான். பிளேயரிலிருந்து டெக்குக்குப் போகும், முனையில் பின் வைத்த வயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஈயம் வுட்டுப்போச்சு தம்பி. ஒரு சொட்டு வெச்சாத் தீந்துது" என்றார்.

என் கணவர் ஒப்பவில்லை. "அதெப்படி பாய்? அவ காதுல மாட்டிக் கேட்டுக்கிட்டேதான பதியறா. ஊமையா இருந்தா சொல்லியிருக்க மாட்டாளா? அப்போ நல்லாத்தான் வந்திருக்கு. நடுவுல வயரு போயிப் போயி வந்திருக்கு. வயரே மட்டம்." பிறகு திரைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ கேக்கும்போது ரெண்டு பக்கமும் வந்துச்சில்ல?" என்றார்.

"வந்துச்சுங்க" என்றேன்.

அந்த ஒரு பொய்யை நம்பித்தான் அவர் பெங்களூர் போனார். அந்த வாரம்தான் நாங்கள் இருவரும் ஒகேனக்கல் போவதாக இருந்தது. கல்யாணத்திலிருந்து தள்ளிப்போய்க்கொண்டிருந்த பயணம். "வர்ற மாசம் போய்க்கலாம்மா. கடை பேரு கெட்டுப்போச்சுன்னா எந்திரிக்க முடியாது" என்றார். பாய் சொன்ன ஒரு சொட்டு ஈயம் போதும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

புது வயர் மாட்டிய அன்று பாயும் டிரைவரும் வந்திருந்தார்கள். பின் வயர், ஸ்பீக்கர் வயர் எல்லாம் புதிது. பாட்டுப் போட்டதும் டிரைவர் தொடையில் தட்டினார். "அடேங்கப்பா! ஜன்னலாண்ட வயலினு, கதவாண்ட தபேலா. தனித்தனியா நிக்குது பாரு!"

"அது முன்னாடியும் அப்பிடித்தாங்க நின்னுச்சு" என்றார் பாய். "செம்பு செம்புதான். தங்கத்தைத் தடவினா பாட்டு இனிக்குமா?"

பேச்சு வளர்ந்து பந்தயம் ஆனது. ஆம்ப்ளிபையருக்கு முன்னால் போர்வையைக் கட்டினார்கள். பாய் பின்னால் உட்கார்ந்து, தான் ஏற்கெனவே ஈயம் வைத்துச் சரிசெய்திருந்த பழைய வயரை ஒரு முறையும் புது வயரை ஒரு முறையும் மாட்டினார். ஒரே பாட்டு.

"இது புதுசு! சலங்கை எப்பிடித் தெறிக்குது!" என்றார் டிரைவர்.

"அது பழசுங்க" என்று போர்வைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

என் கணவரும் ஒரு முறை சரியாகச் சொல்லி இரண்டு முறை தவறவிட்டார். அவருக்கு வீம்பு வந்துவிட்டது. "நம்ம காதெல்லாம் கெடக்கட்டும். எங்க வூட்டுல இருக்கற காதுதான் காது. டேப்பு நூலளவு மெதுவா ஓடினாலும் கண்டுபுடிச்சிருவா. வாம்மா இங்க."

அவர் சொன்னது உண்மைதான். என் வலது காது இரண்டு காது வேலையும் செய்து பழகிய காது. ஆனால் வர மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்கள். ஒரு முறை பாட்டு ஓடி நின்றது. இரண்டாம் முறை ஓடியது. டிரைவரும் என் கணவரும் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். பாய் எட்டிப் பார்த்து, பேச வேண்டாம் என்று அவர்களுக்குக் கை காட்டினார்.

"என்னா வித்தியாசம் தங்கச்சி?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க பாய்."

"நல்லாக் கேளும்மா. வயலினு எந்தப் பக்கம் வருது?"

ஒரு காது உள்ளவர்களுக்குச் சத்தம் கேட்கும். அது எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியாது. டிரைவர் முதலில் சொன்னது நினைவில் இருந்தது. "ஜன்னல் பக்கங்க" என்றேன்.

டிரைவர்தான், "என்னம்மா, வயரை மாத்திச் சொருகிட்டாரு, கதவாண்ட வாசிக்கறான். நீ ஜன்னலைக் காட்டற!" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு சுவரில் மாட்டியிருந்த ஹெட்போனைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த நொடியே அவர் டிரைவர் பக்கம் திரும்பினார்.

"பின்ன? வயலினு ஜன்னல் பக்கம்னு காத்தால நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். வூட்டுக்காரன் பேச்சைத் தட்டுவாளா? நீ போயி டீ வைம்மா."

"குடுத்து வெச்சவன்டா நீ!" என்று டிரைவர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் என் கணவர் என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள், "நாளைக்குக் காத்தால வெளிய போறோம். நல்ல சேலையா எடுத்துக் கட்டிக்க" என்றார்.

"எங்கங்க?"

"போனாத் தெரியும்."

என் அம்மா வீடு பென்னாகரம் போகும் வழியில் இருக்கிறது. நான் பையில் மூன்று சேலை வைத்தேன். கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த சின்ன வெள்ளிக் குங்குமச் சிமிழையும் வைத்தேன். மறுநாள் பையைத் தூக்கியவர், "கல்லா வெச்சிருக்க?" என்று கேட்டார்.

தர்மபுரி வரை அதே டிரைவரின் பஸ். பாய் ஈயம் வைத்த பிறகு நான் திரும்பப் பதிந்து கொடுத்த கேசட் ஓடியது. பெண்கள் பக்கம் ஒரு கிழவி தாளம் போட்டுக்கொண்டு வந்தாள். தர்மபுரியில் இறங்கி பென்னாகரம் வழியாகப் போகும் ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டரிடம் அவர் எந்த ஊருக்கு டிக்கெட் கேட்டார் என்பது என்ஜின் சத்தத்தில் எனக்கு எட்டவில்லை. எங்கள் ஊர்ப் புளியமரம் தெரிந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"எங்க எந்திரிக்கற?"

"ஊரு வந்துருச்சுங்க."

"உங்க ஊரு வந்துச்சு. நாம போற ஊரு வரலியே. உக்காரு."

பஸ் கிளம்பி, புளியமரம் பின்னால் போய் மறையும் வரை நான் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஒகேனக்கல்லில் அன்று தண்ணீர் நிறைய. அருவிக்குப் பக்கத்தில் நின்றால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. எல்லோரும் அடுத்தவர் காதில் வாயை வைத்துத்தான் கத்துகிறார்கள். அந்த இடத்துக்கு அவர் என்னை ஏன் கூட்டிப்போனார் என்பது பிறகுதான் விளங்கியது. முதலில் என் இடது காதருகே குனிந்தார். மூச்சுக்காற்று சூடாகப் பட்டது, அவ்வளவுதான். பிறகு சுற்றி வலது பக்கம் வந்தார்.

"இந்தக் காதுதானா?"

தலையை ஆட்டினேன்.

"பொறந்ததுல இருந்தா?"

"ஏழு வயசுல இருந்துங்க. அந்தக் கேசட்டு... பாட்டு வரலைன்னு எனக்குத் தெரியலீங்க. வந்துச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

அவர் என் காதில் கத்தினார். "அடிப்பாவி! ஒரு சொட்டு ஈயத்துக்கு என்னைப் பெங்களூர் வரைக்கும் அலைய வுட்டியே!" பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். கல்யாணமான பிறகு நானும் அன்றுதான் சத்தம் போட்டுச் சிரித்தேன். அப்புறம் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்தார். முள்ளெடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே, "அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

சொன்னார். "அப்ப ராங்கி இல்லியா?" என்றார் மாமியார், ஏதோ ஏமாந்துவிட்டவர் போல. மறைத்துவிட்டார்களே என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாளிலிருந்து என் வலது பக்கம் வந்து நின்று, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட ஆரம்பித்தார். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்துப் பாய் வந்தபோது, சட்டைப் பையிலிருந்து ஒரு சாண் நீள வயரை எடுத்துக் கொடுத்தார். ஒரு முனையில் ஹெட்போனைச் சொருகும் துளை, மறுமுனையில் பின். இரண்டு பக்கப் பாட்டும் ஒரே காதில் கேட்கும்படி, இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் உள்ளே சேர்த்து ஈயம் வைத்திருந்தார். என் கணவர்தான் செய்யச் சொல்லியிருக்கிறார். எதற்கு என்று பாய் கேட்கவில்லையாம், இவரும் சொல்லவில்லையாம். ஆனால் அன்றைக்கும் அதற்குப் பிறகும் பாய் எங்கள் கடையில் என்னோடு பேச வேண்டுமென்றால், சாமான்களைச் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து நின்றுதான் பேசினார்.

அந்த வயரை மாட்டி, நாற்பது தடவையாவது நான் பதிந்து கொடுத்திருந்த ஒரு பாட்டைப் போட்டேன். முதல் அடி முடிந்து இரண்டாவது அடி தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி வரும். பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் இருந்தது. அது பாடியவருக்குப் பதில் சொல்லிவிட்டு நின்றது.

பெங்களூர் வயர் பாட்டை மாற்றியது என்று என் கணவர் இன்றும் அடித்துச் சொல்வார். அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. பாய் கொடுத்த வயரைப் பற்றிச் சொல்ல முடியும். அது எதில் செய்தது என்று நான் அன்றே கேட்டேன். "பழைய ரேடியோவுல கழட்டுனதும்மா, கெடந்துச்சு" என்றார். என் கணவர் ஹெட்போனின் வலது பக்கத்தை என் காதில் சரியாக அழுத்திவிட்டு, "கேக்குதா?" என்று வாயசைத்தார். நான் டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்தப் புல்லாங்குழலை இன்னொரு முறை கேட்டுவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொன்னேன்.