அண்ணனின் வண்டிக்குச் சொன்ன எண்ணெய்

எண்ணெய்ப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருடச் சர்வீஸ். லாரி, பஸ், ஜெனரேட்டர் என்று எங்கெங்கோ ஓடும் என்ஜின்களிலிருந்து வடித்த கறுத்த எண்ணெய், கைக்கு அடக்கமான பாட்டில்களில் அவள் மேஜைக்கு வரும். அதில் இரும்புத் துகள் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பார்த்து, உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று எழுதிக் கொடுப்பாள். வீட்டில் யாருக்கும் இது புரிந்ததில்லை. "பாட்டில் கழுவப் போறா" என்பார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவாள். உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும்.

அவளைவிட ஒன்பது வயது மூத்தவர் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மனைவி இறந்த மறுவருடம், யாரும் எதிர்பாராமல், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். இரண்டே சீட். நாற்பது வயசு வண்டி. "இந்த வயசுல இது தேவையா?" என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் அதை ஓட்டிவிட்டு வரும்போதுதான், அண்ணி போன பிறகு முதல்முறையாக, அவர் முகத்தில் களை தெரிந்தது.

ஒரு நாள் அவளுக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, இதுக்கு என்ன எண்ணெய் ஊத்தலாம்? உனக்குத்தான தெரியும், சொல்லு."

குடும்பத்தில் ஒருவர் அவள் வேலையை மதித்துக் கேட்ட முதல் கேள்வி அது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தைப் புரட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை. புதுக் கார்களுக்கு ஊற்றும் ஒரு எண்ணெயின் பெயரைச் சொல்லி, "இதைவிட நல்லது இல்லண்ணா, கண்ண மூடிட்டு ஊத்துங்க" என்றாள்.

நாலைந்து மாதத்தில் என்ஜினில் டக் டக்கென்று சத்தம் கேட்கத் தொடங்கியது. இழுவையும் குறைந்தது. அண்ணன் ஒரு பாட்டிலில் எண்ணெய் பிடித்துக் கொடுத்தனுப்பினார். அவளே பரிசோதித்தாள். இரும்பு வழக்கத்தைவிட நான்கு மடங்கு. துத்தநாகமோ பேருக்கு இருந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. புது வண்டிகளின் புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி கெட்டுப்போகும் என்பதால் புது எண்ணெய்களில் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் காலத்து என்ஜின்களில் வால்வைத் திறந்து மூடும் கேம் தண்டு இரும்போடு இரும்பாக உரசிக்கொண்டே சுற்றும். அந்த உரசலைத் தாங்குவதே அந்தத் துத்தநாகம்தான். பயிற்சி வகுப்பிலேயே படித்த பாடம். அண்ணன் கேட்டபோது அது மண்டையில் உறைக்கவில்லை.

ரிப்போர்ட்டை மடித்து இழுப்பறையில் வைத்தாள். அண்ணனிடம், "எண்ணெய மாத்திடலாம்ணா, நானே வாங்கிட்டு வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். சரியான எண்ணெயைத்தான் வாங்கிப் போனாள். சத்தம் நிற்கவில்லை. தேய்ந்த இரும்பு வளரவா போகிறது?

கடைசியில் மெக்கானிக் என்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார். அவளும் அங்கே இருந்தாள். கோழிமுட்டை போல ஒரு பக்கம் கூராக இருக்க வேண்டிய கேம்களில் மூன்று, தேய்ந்து உருண்டையாகிவிட்டிருந்தன. இரும்புத் தூள் கீழே இறங்கி பேரிங்கையும் அரித்திருந்தது.

"அநியாயமா கொன்னுட்டீங்களே சார். புதுக் கார் எண்ணெய ஊத்தினாதான் இப்படித் தேயும். இந்த வண்டிக்குப் போய் அத ஊத்தச் சொன்னது யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"யாரும் சொல்லலப்பா. கடையில டப்பா பளபளன்னு இருந்துச்சு, எடுத்துட்டேன்."

மெக்கானிக் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அந்த மாடலுக்குக் கேம் தண்டு எங்கு தேடியும் கிடைக்கவில்லை. வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து போட்டிருந்த வண்டியை, உதிரிபாகத்துக்காக ஒருவர் வந்து கட்டி இழுத்துப் போனார். அண்ணன் வாசல்வரைகூட வரவில்லையாம். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே கிளம்புவதையே விட்டுவிட்டார். டி.வி. ஓடும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் அவர் வீட்டுச் சமையலறையில், அவர் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எண்ணெய், ரிப்போர்ட், இழுப்பறை எல்லாம்.

அண்ணன் அடுப்பை அணைத்தார்.

"தெரியும்மா. வேற எண்ணெய நீ தூக்கிட்டு வந்தப்பவே தெரியும்."

"அப்ப ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமேண்ணா..."

"திட்டினா வண்டி வந்துடுமா? அந்த ஆளு முன்னாடி உன்ன விட்டுக்கொடுக்க மனசு வரல." டீயை ஆற்றி டம்ளரில் ஊற்றினார். "ஆனா, திரும்பி வர்ற வழியிலயாவது நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். பஸ்ல பக்கத்துலதான உக்காந்திருந்தோம்."

டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு அவர் ஹாலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் அண்ணன் அவளிடம் முகம் கோணியதில்லை. போனால் உட்காரச் சொல்வார், பிள்ளைகளை விசாரிப்பார். அடுத்த வருடம் புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கினார். கம்பெனி சர்வீஸ். அதற்கு என்ன எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.