மூன்றாம் பாகத்துக்கு ஒரு ஸ்டிக்கர்

இந்த ஊரில் பழைய வீடியோ கேம் விற்கும் கடையில்கூட வாக்கெடுப்பு நடக்கிறது. ஒசாகாவில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் கடையில், பல வருடங்களாக வந்துகொண்டிருக்கும் ஒரு கேம் தொடரின் ஒன்பது பாகங்களையும் எழுதி அட்டை மாட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். பிடித்த பாகத்துக்கு நேரே ஒட்ட வேண்டும். ஆறாம் பாகத்துக்கு நாற்பத்தொன்று விழுந்திருந்தது. மூன்றாம் பாகத்துக்கு ஒன்றுகூட இல்லை. என்னுடையதை அங்கே ஒட்டினேன். கடைப்பெண் ஓடிவந்து, குனிந்து வணங்கி, அதை நகத்தால் பக்குவமாக உரித்து என் விரலிலேயே ஒட்டிவிட்டு, "ரோகு?" என்று ஆறைக் காட்டினாள். கிழவன் இடம் மாற்றி ஒட்டிவிட்டான் என்று நினைத்திருக்கிறாள். நான் "சான், சான்" என்று மூன்று விரலைக் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் இன்னும் மூன்று ஸ்டிக்கர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மதுரை விளாங்குடி வீட்டுக்கு இந்தத் தொடர் வந்தது தொண்ணூற்றெட்டில். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த என் மகன் கண்ணன், கேம் பெட்டியையும் மூன்று முதல் ஆறு வரையிலான நான்கு பாகங்களின் சிடிக்களையும் சென்னையிலிருந்து வாங்கி வந்தான். எல்லாம் ஜப்பானிய எழுத்து. ஒருவருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் மனைவி பாண்டியம்மா தானும் ஆடப் பழகிக்கொண்டாள். வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்து அவளே சொல்லிவிடுவாள். கண்ணன் வேலை கிடைத்து ஜப்பானுக்குப் போன பிறகும் அவள் விடவில்லை. மாலையில் கரண்ட் இருந்தால் ஆட்டம்தான்.

எது சிறந்தது என்று எங்களுக்குள் தினமும் தகராறு. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன். எண்ணாமல் இருக்க முடியாது.

"ஆறுல இருபத்துநாலு ஊரு, மூணு கப்பலு. மூணுல ஒம்பது ஊருதான். எப்புடி மூணு பெருசாகும்?"

"ஊர எண்ணி என்னங்க செய்ய? அம்புட்டு ஊருலயும் ஒருத்தியாச்சும் நின்னு விசாரிக்கிறாளா?"

மூன்றாம் பாகத்தில் ஒரு துறைமுகம் உண்டு. அங்கே நீல முக்காடு போட்ட ஒரு பெண் நிற்பாள். பொத்தானை அழுத்தினால் ஒரு வரி பேசுவாள். 'மகன் எப்ப வாரான்?' என்று கேட்கிறாளாம். பாண்டியம்மா டிவியைப் பார்த்துப் பதிலே சொல்வாள்.

"தைக்கு வாரேன்னுருக்கான் தாயி."

முதல் தைக்கு லீவு இல்லை. அடுத்த தைக்கும் இல்லை. மூன்றாவது வருஷம் புரட்டாசியில் அவளுக்கு மாரடைப்பு. கண்ணன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திரும்பும்போது என்னையும் கேம் பெட்டியையும் கூடவே கொண்டுவந்துவிட்டான்.

கடையிலிருந்து வந்த அன்று, கண்ணனிடம் மூன்றாம் பாகத்தைப் போடச் சொல்லி அந்தத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். அவனுக்கு இப்போது ஜப்பானியம் வாசிக்க வரும்.

"என்னடா சொல்றா இவ?"

"கப்பல் நாளைக்குக் கெளம்புது, சாமானெல்லாம் எடுத்து வச்சாச்சான்னு கேக்குறாப்பா." சொல்லிவிட்டுச் சிரித்தான். "இருக்குறதுலயே மட்டம் இந்த மூணுதான். அம்மா எதுக்கு இதையே போட்டுக்கிட்டு கெடந்துச்சு?"

காரணம் என் வாய்வரை வந்தது. சொன்னால் இந்தப் பெண்ணை வாழ்நாள் முழுக்க அவன் பார்த்துக்கொண்டே இருப்பான்.

"அம்மாவுக்குக் கடலு புடிக்கும்ல. மதுரையில ஏது கடலு" என்றேன்.

நம்பினானோ என்னவோ, கேம் ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் கடைக்குப் போய் மூன்று ஸ்டிக்கரைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சமிருந்த ஒன்றை மூன்றாம் பாகத்துக்கே ஒட்டினேன். என் கணக்கில் இன்றைக்கும் ஆறுதான் முதல். ஆனால் ஆறுக்குப் போட இங்கே ஆள் இருக்கிறது. கடைப்பெண் இந்த முறை உரிக்கவில்லை.

சாயங்காலம் துறைமுகத்துக்கு நானே போனேன். பொத்தானை அழுத்தினேன். முக்காட்டுக்காரி அதே வரியைச் சொன்னாள். அர்த்தம் தெரிந்தும், பாண்டியம்மாவிடம் அவள் கேட்ட கேள்விக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

"அடுத்த ரூம்புலதான் இருக்கான் தாயி."

அவளுக்குப் பின்னால் கப்பல் நின்றது. எனக்குப் பின்னால் ஊர். ஏறவும் இல்லை, திரும்பவும் இல்லை. ஆட்டத்தில் என் ஆளை அப்படியே நிற்க வைத்திருந்தேன்.